எங்க ஊட்டு சோபா

வாங் தம்பி, வாங். நீங்கதான காத்தால போன்ல சோபாவைக் கேட்டது? செருப்பு அங்கயே கெடக்கட்டும், ஒண்ணும் ஆகாது. உள்ள வாங். இதேதானுங் சோபா. போட்டோவுல பாத்ததுக்கு நேர்ல இன்னும் எச்சா ஜொலிக்குதுங்ளா? வர்றவங்க எல்லாருமே அதைத்தான் சொல்லுவாங்க. மெரூன் வெல்வெட்டு. கைப்பிடியில ரெண்டு பக்கமும் சிங்க மூஞ்சி. பாருங், பல்லுகூடத் தனித்தனியாச் செதுக்கியிருக்கறான். உக்காருங், உக்காந்து பாத்தாத்தான தெரியும். நல்லாச் சாஞ்சு உக்காருங். வாங்கறவன் நுனியில உக்காந்தா சோபாவுக்கே அவமானமுங்.

வெலையா? அது கெடக்குதுங், அப்புறம் பேசிக்கலாம். நல்லா இருக்கற சோபாவை ஏன் விக்கறீங்கன்னுதான மொதல்ல கேக்கோணும்? நீங்க கூச்சப்படறீங்க. நானே சொல்லிடறேன். மேட்ச் ஆகலீங், அவ்வளவுதான். சோபா மேல ஒரு குத்தமும் இல்லை. மயிலாத்தா பாத்துப் பாத்து எடுத்தது. மயிலாத்தா என்ற மூத்த சம்சாரமுங். அதா, அந்தச் செவுத்துல பெரிய படமா இருக்கறாளே, அவதான். அவ தவறி ஆறேழு வருசமாச்சு.

இப்ப இருக்கறவ தையல்நாயகி. இருக்கறவன்னா, இப்ப இங்க இல்லீங், மாயவரத்துல அவ ஊட்டுல இருக்கறா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்தச் சோபா கெளம்பிருச்சுன்னா அவ வந்துருவா. அதான் உங்களை இத்தனை அவசரமா வரச் சொன்னது. சொல்றேன், சொல்றேன். காப்பி குடிக்கறீங்ளா? வேண்டாமா? செரி.

தையல்நாயகின்னதும் சிரிச்சீங்க பாத்தீங்ளா, எல்லாரும் சிரிப்பாங்க. மாயவரத்துப் பக்கம் அது சாமி பேருங். ஆனாத் திருப்பூர்ல வந்து தையல்நாயகின்னா என்ன நெனைப்பாங்க? கண்ணாலம் ஆகி வந்த வாரமே பக்கத்து ஊட்டுக்காரம்மா ரெண்டு ஜாக்கெட் துணியைக் கொண்டாந்து நீட்டிருச்சு. இவளுக்கு ஊசியில நூல் கோக்கோணும்னாலே கண்ணாடி தேடோணும். டெலிபோன் ஆபீஸ்ல உத்தியோகம் பாத்து ரிட்டயர்டு ஆனவ. அதுக்காகக் கோவிச்சுக்கிட்டாளான்னா இல்லை. 'அளவு ஜாக்கெட்டையும் வச்சுட்டுப் போங்க'ன்னு சொல்லி வாங்கி வெச்சு, கடைவீதி டெய்லர்கிட்டக் குடுத்துத் தெச்சுக் குடுத்துட்டா. அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் இவதான் தெச்சான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்குது. அப்படியாப்பட்ட குணமுங்.

இந்த வயசுல எதுக்கு இன்னொரு கண்ணாலம்னு நீங்க நெனைக்கலாம். நான் கேக்கலீங். என்ற புள்ள சிந்துஜா, ஈரோட்டுல இருக்கறா, அவதான் ஒத்தக் கால்ல நின்னா. 'அப்பா, நீங்க தனியா உக்காந்து டிவியோட பேசறீங்க'ன்னா. டிவியோட எங்கீங் பேசறேன்? நியூஸ் வாசிக்கறவனைத் திட்டுவேன், அவ்வளவுதான். தையலும் மாயவரத்துல தனியா இருந்தா. அவளோட ஊட்டுக்காரரு ரயில்வேல வேலையா இருந்து தவறிப் போனவரு. கொழந்தை குட்டி இல்லை. கோயில்ல வெச்சு மாலை மாத்திக்கிட்டோம். அதுவரைக்கும் ஒரு வம்பும் இல்லீங்.

அப்புறமேட்டிக்குத்தானுங் லாரி வந்துச்சு.

நான் ரெண்டு பெட்டி வரும்னு நெனைச்சேன். லாரி நெறையச் சாமானுங். பிரம்பு நாற்காலி நாலு. எல்லாம் அவங்க ஊர்ப் பக்கம் தைக்கால்னு ஒரு ஊர்ல பின்னினதாம். அப்புறம் பிரம்புலயே ஒரு சாய்வு நாற்காலி. கண்ணாடிக் கதவு வெச்ச பொஸ்தக அலமாரி ஒண்ணு, ஆளு ஒசரம். அப்புறம் கோரைப் பாய். ஒரு பாய், ரெண்டு பாய்னா பரவால்ல, ஒரு கட்டுப் பாயுங். பாய்க்கடை வெக்கறாப்பல இருந்துச்சு. எல்லாம் வெளுப்பு, பழுப்பு, காஞ்ச புல்லுக் கலரு. இங்க நம்ம ஹால்ல பாத்தீங்கன்னா மெரூனு, தங்கக் கலரு, மேல ரோஸ் லைட்டு சுத்தற பால்ஸ் சீலிங்.

நான் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தவனுங். கண்ணு சும்மா இருக்காது. வேற வேற தடவை சாயம் போட்ட ரெண்டு லாட்டுத் துணியைச் சேத்து ஒரே பனியன் வெட்டினா, கையிக்கும் உடம்புக்கும் ஷேடு மாறிக் காட்டிக் குடுத்துரும். டப்பா டப்பாவாத் திரும்பி வரும். பாத்ததுமே சொல்லிட்டேன், தையலு, இது ரெண்டும் வேற வேற லாட்டு, சேராதுன்னு. அவ சிரிச்சுட்டு, 'நாமளும் ரெண்டு லாட்டுதானே'ன்னா. வெளையாட்டுக்காரி.

ஒண்ணு சொல்லோணும் தம்பி. நம்ம ஊட்டுல ஸ்டைல்னெல்லாம் ஒண்ணும் கெடையாது. ஊடு ஊடா இருக்குது. சோபா இருக்கற எடத்துல சோபா, ஷோகேஸ் இருக்கற எடத்துல ஷோகேஸ். பீரோவைக்கூட மயிலாத்தா வெச்ச எடத்தை உட்டு ஒரு இஞ்ச் நவுத்தலை. ஸ்டைலெல்லாம் அவ கொண்டாந்ததுதான். அதனால அவ ஸ்டைலைத்தான நாம அங்க இங்க ஒதுக்கோணும்? ஒதுக்கினேன். நாற்காலி நாலும் மேல் மாடி ரூமுக்குப் போச்சு. பொஸ்தக அலமாரி மாடிப்படிக்கு அடியில. சாய்வு நாற்காலியைப் பொடக்காளியில, ஊட்டுக்குப் பின்னாடி தண்ணித் தொட்டிகிட்டப் போட்டேன். அது அவளோட அந்தக் காலத்து ஊட்டுக்காரரு உக்காந்த நாற்காலியாம். அதுக்காகப் போட்டேன்னு நெனைச்சுக்காதீங். எனக்கென்னங் பொறாமை, செத்துப் போன மனுசன் மேல? பிரம்புக்கு வெயில் நல்லதுங்.

இல்லீங்ளா? பிரம்பு வெயில்ல வெடிச்சுருமா? அப்படியா. எனக்குத் தெரியாது, நமக்குத் துணிதான் தெரியும்.

அவ பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. 'ம்'ன்னா. எல்லாத்துக்கும் 'ம்'தான். வெள்ளிக்கெழமையானா மயிலாத்தா படத்துக்கு அவதான் பூ வெப்பா. நான் சொன்னதே இல்லை, அவளாத்தான் வெச்சா. அவளோட ஊட்டுக்காரரு படமா? அது அவ பெட்டிக்குள்ள இருக்குதுங். மாட்டலீங். அவ கேக்கலயே.

இப்படி நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. நடுவுல ஒரு நாள் ஒறம்பரை வந்தாங்க. என்ற அக்கா, மச்சான், அக்கா மருமகன்னு ஒரு கார் நெறைய. நான் கோழி எடுக்கக் கடைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், ஹால்ல டீப்பாயை ஓரமா நவுத்திட்டு, கோரைப் பாயை வரிசையா விரிச்சு, எலை போட்டுத் தண்ணி தெளிச்சு வெச்சிருக்கறா. சோபாவை ஒட்டி வெளுத்த பாய். எனக்குக் கண்ணு கூசுது. ஒறம்பரைக்கு முன்னாடி இதென்ன கூத்துன்னு சொல்லிட்டேன், 'எடு தையலு அதையெல்லாம். எங்க ஊட்டுல டேபிள்லதான் போடுவோம்'னு. திட்டலீங். சாதாரணமாத்தான் சொன்னேன். அவளும் சாதாரணமாத்தான் பாயைச் சுருட்டினா. எல்லாரும் டேபிள்ல உக்காந்து சாப்புட்டாங்க. அக்காகூட, 'மாயவரத்துக்காரி ரசம் ஊருக்கே வாசம் அடிக்குது'ன்னு சொல்லிட்டுப் போச்சு. இதுல என்னங் தப்பு?

மக்யா நாளு காத்தால பையை எடுத்துக்கிட்டா. மாயவரம் ஊட்டைப் போய்ப் பாத்துட்டு வர்றேன்னா. போனவ போனவதான்.

போன் போட்டா நல்லாத்தான் பேசறா. மாத்திரை போட்டீங்களாங்கறா, எண்ணெய்ப் பலகாரம் வாங்கித் திங்காதீங்கறா. எப்ப வர்றேன்னு கேட்டா மட்டும், அங்க மழை பேஞ்சுதாங்கறா. நான் உடலீங். நோண்டி நோண்டிக் கேட்டேன். கடைசியா ஒரு நாள் சொன்னா. 'பால்காரன்கிட்ட நம்ம வீட்டுக்கு ரெண்டு பாக்கெட்டுன்னு சொல்றீங்க. காய்கறிக்காரன்கிட்ட நம்ம வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்துங்கறீங்க. என்கிட்ட மட்டும் எங்க வீட்டுலங்கறீங்க. அந்த வீட்டுல எனக்கு எடம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க'ன்னா.

நம்மன்னா என்ன, எங்கன்னா என்ன? ரெண்டும் ஒரே ஊடுதான? பேச்சு வாக்குல வர்றதுங். டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவங்களுக்குக் காது கூர்மை, அதான் கெரகம்.

ஆனாக் கடைசியில சொன்னா பாருங் எடம்னு, அது எனக்குப் புரிஞ்சுருச்சு. எடம் வேணும். எடப் பிரச்சனைதான? இதுக்கா இத்தனை வெசனம்? அவளுக்கு அங்க சொந்த ஊடு இருக்குது. அதை வாடகைக்குக் கேட்டுப் புதுசா மாத்தலாகி வந்த ஒரு குடும்பம் அலையுது. இவ குடுக்கறதா வேண்டாமான்னு இழுத்துக்கிட்டே இருந்தா. இன்னிக்குச் சாயங்காலம் அவங்க சாவி கேட்டு வர்றாங்க. 'அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னு சொல்லியிருக்கறா. சாவியைக் குடுத்துட்டான்னா இங்க வந்துருவா. குடுக்கலீன்னா, அப்புறம் அங்கயேதானுங். எனக்குத் திரும்பவும் அந்த நியூஸ் வாசிக்கறவன்தான்.

அவ எடம்னு சொன்ன அன்னிக்கே வேலையை ஆரம்பிச்சுட்டேன். சிந்துஜா ஒரு வீடியோ அனுப்பிச்சுது. ஒரு புள்ள நின்னுக்கிட்டு, ஒரே ஊட்டுக்குள்ள பழசு, புதுசு, பிரம்பு, வெல்வெட்டு எல்லாத்தையும் ஒட்டுக்கா எப்படி வெக்கறதுன்னு சொல்லித் தருது. அறுபது, முப்பது, பத்துன்னு ஒரு கணக்காம். ஒரு ஸ்டைல் அறுபது, இன்னொண்ணு முப்பது, மீதிப் பத்து சும்மா எடுப்புக்கு. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. உடனே தையலுக்குப் போன் போட்டுச் சொன்னேன், நமக்கு அறுபது, உனக்கு முப்பதுன்னு. அவ, 'அந்தப் பத்து யாருக்கு?'ன்னா. சாமி ரூமுக்குன்னேன். வெச்சுட்டா. லைன் கட் ஆயிருச்சுன்னு நெனைக்கறேன்.

அப்புறம் அந்தப் புள்ள இன்னொண்ணு சொல்லுச்சு. ரெண்டு ஸ்டைலு சேரோணும்னா ரெண்டுக்கும் பொதுவா ஒரு கலரு ஓடோணுமாம். அட, இது நம்ம தொழில்ல இருக்கறதுதானன்னேன். உடம்பு ஒரு கலரு, காலரு ஒரு கலரா இருந்தாலும், உடம்புக் கலர்ல காலருக்கு ஒரு பட்டி ஓட்டிட்டாச் சேந்துரும். உடனே மாடியில கெடந்த நாலு நாற்காலியையும் எறக்கி, வெல்வெட்டு வாங்கியாந்து, சோபாவுக்கு மேட்ச்சா மெரூன்ல மெத்தை தெச்சுப் போட்டேன். பாருங், அதா அந்த ஓரத்துல. பிரம்பே தெரியாது. அலமாரியைக் கதவுக் கலர்ல பெயிண்டு அடிச்சுட்டேன். சாய்வு நாற்காலியைக்கூட உள்ள கொண்டாந்துட்டேன் தம்பி. அதுக்கும் வெல்வெட்டு. என்ற மனசு அப்படி.

பாய்தான் ரோசனையா இருந்துச்சு. அவளுக்குப் பாய் வேணும். நமக்கு டேபிள் வேணும். ரெண்டையும் எப்படிச் சேக்கறது? ராத்திரி தூக்கமே இல்லீங். பொறவு பட்டுனு வெளிச்சம் வந்துச்சு. கத்திரியை எடுத்தேன். கட்டிங் மாஸ்டர் கையிங் இது, நடுங்காது. பாய் பூராத்தையும் தட்டு அளவுக்கு வெட்டி, ஓரத்துக்கு மெரூன் பட்டி போட்டு, டேபிள் மேல தட்டுக்கு அடியில வெக்கறாப்பலப் பண்ணிட்டேன். அந்தா பாருங், அடுக்கி வெச்சிருக்கறேன். பாய்க்குப் பாயும் ஆச்சு, டேபிளுக்கு டேபிளும் ஆச்சு. எப்படி?

ஏனுங் அப்படிப் பாக்கறீங்க? நல்லாத்தான இருக்குது?

அவளுக்குச் சொல்லலீங் இன்னும். வந்து பாத்து ஆச்சரியப்படட்டும்னு உட்டுட்டேன்.

எல்லாம் முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பாத்தேன். இன்னும் எதோ இடிக்குது. என்னடா இதுன்னு பாத்தா இந்தச் சோபாதான். அந்த அறுபதையும் சோபாவே அடைச்சுக்கிட்டு நிக்குது. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அவ எடம்னு கேட்டது இதைத்தான். மூத்தவ வாங்கின சோபா நடு ஹால்ல உக்காந்துக்கிட்டிருந்தா எளையவளுக்கு மனசு கஷ்டமா இருக்குமா, இருக்காதா? வாய் உட்டுச் சொல்ல மாட்டா, நாமதான் புரிஞ்சுக்கோணும். அதான் விக்கறேன். எனக்குக் கஷ்டந்தானுங். மயிலாத்தாவும் நானும் கடை கடையா ஏறி எறங்கி எடுத்தது. அந்தச் சிங்கத்தைப் பாத்துட்டு, 'இது உங்களை மாதிரியே இருக்குதுங்க'ன்னு அவ சொன்னா. செரி போகட்டும். நீங்க வண்டியில ஏத்தினதும் போன் போட்டு, 'தையலு, எடம் ரெடி'ன்னு ஒரே வார்த்தை சொல்லிருவேன். சாவியைக் குடுத்துட்டு பஸ் ஏறிருவா.

புடிச்சிருக்குதுங்ளா? புடிச்சிருக்குதுல்ல? அப்பறம் என்ன தம்பி, ஏத்திரலாமா?

என்னது? ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கறீங்ளா? அட, ஒரு சோபா வாங்கறதுக்கு ஊட்டுல கேக்கோணுமா? புதுசாக் கண்ணாலம் ஆச்சுன்னு போன்ல நீங்க சொன்னது செரியாத்தான் இருக்குது. கேளுங், கேளுங். போட்டோ எடுத்து அனுப்பறீங்ளா? அனுப்புங். சிங்கம் தெரியறாப்பல எடுங்.

நானா? நான் எதைங் கேக்கோணும்? விக்கறதுக்கா? அவகிட்டயா? எதுக்குங் கேக்கோணும், எனக்குத் தெரியாதா? அவளுக்காகத்தான விக்கறேன்! பாயைக் கேட்டனா, நாற்காலியைக் கேட்டனா, இதைக் கேக்கறதுக்கு? நல்ல காரியத்தை யாராச்சும் கேட்டுக்கிட்டுப் பண்ணுவாங்ளா?

இல்லீங், நீங்க நம்பலை. உங்க மூஞ்சியே சொல்லுது. இருங், உங்க முன்னாடியே போடறேன். எப்படிச் சந்தோசப்படறான்னு மட்டும் பாருங்.

ரிங் போகுது... அல்லோ, தையலு? நாந்தான். சாப்புட்டியா?... மணி நாலாச்சா, செரி, காப்பி குடிச்சியா?... வந்துட்டாங்ளா? வாடகைக்காரங்களா, அதுக்குள்ளயா?... இல்லை, சித்த இரு, நான் சொல்றதைக் கேளு. இங்க எல்லா வேலையும் முடிஞ்சுது. சோபா ஒண்ணுதான் பாக்கி. அதை வாங்கவும் ஆள் வந்துருக்குது, எதிர்லதான் உக்காந்திருக்கறாப்பல... எந்தச் சோபாவா? ஊட்டுல எத்தனை சோபா இருக்குது? மெரூனுதான்... ஆமா, வித்தர்றேன்... உனக்கு எடம்...

ஏம்மா சத்தம் போடற?... இல்லை, கேக்கலை... அதையும் கேக்கலை... மயிலாத்தா சாமானாச்சேன்னு, உனக்குக் கஷ்டமா இருக்கும்னு... ஓ... தெனமுமா?... மத்தியானமா? நான் டீக்கடைக்குப் போன பொறவா?... சிங்கத்து மேலயா? எனக்குத் தெரியாதே அம்மிணி... பாயா? பாயெல்லாம் இருக்குது... பத்தரமா இருக்குது... கொஞ்சம் சின்னதா இருக்குது... நெசமாத்தான்... சின்னதுன்னா, ஒரு தட்டு வெக்கலாம்...

தையலு? தையலு, அழுகறியா? சிரிக்கறியா?... ரெண்டுமா?... செரி. செரி. வந்து திட்டு. போன்ல வேண்டாம், ஆள் இருக்கறாப்பல... செரி. கேக்கறேன். இனிமே கேக்கறேன்... செரி.

வெச்சுட்டா.

கேட்டுச்சுங்ளா உங்களுக்கு? கேட்டிருக்கும், அத்தனை சத்தம். டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவ இத்தனை நாள் இந்தக் கொரலை எங்க வெச்சிருந்தாளோ. நான் டீக்கடைக்குப் போனதும் தெனமும் அந்தச் சிங்கத்து மேல தலையை வெச்சுக் காலை நீட்டிப் படுத்துத்தான் பொஸ்தகம் படிப்பாளாம். மயிலாத்தா அக்கா நல்ல சோபாவாத்தான் எடுத்திருக்காங்கன்னு நெனைச்சுக்குவாளாம். 'நான் ஒரு நாளாவது அந்தச் சோபாவைக் கொறை சொன்னேனா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?'ங்கறா. அப்பறம் சொன்னா பாருங், அதைக் கேட்டீங்ளா? 'என் சோபாவை விக்க நீங்க யாரு?'ங்கறா. என் சோபாவாம்! என்னைக் கேக்கறா, நீங்க யாருன்னு!

இல்லீங், அழுகலை. கண்ணுல தூசி... செரி, அழுகறேன்தான். சந்தோசமா இருக்குது தம்பி, என்ன பண்றது.

வாடகைக்காரங்க கையில சாவியைக் குடுத்துட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போறாளாம். விடிஞ்சா இங்க நிப்பா. அதுவரைக்கும் ஊட்டுல ஒரு சாமான் அசையக் கூடாதுன்னு உத்தரவு. கத்திரியை எடுத்துப் பீரோவுல வெச்சுப் பூட்டச் சொல்லியிருக்கறா.

அதனால, கோவிச்சுக்காதீங், இத்தனை தூரம் வந்து அலைஞ்சுட்டீங்க. சோபா இல்லீங். உங்க ஊட்டுல புடிச்சிருக்குதுன்னு பதில் வந்துருச்சா? ஐயோ. அப்படீன்னா நாளைக்குக் காத்தால அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங், தையல்கிட்டயே கேளுங். குடுக்க மாட்டா. எனக்குத் தெரியும், கண்டிசனாக் குடுக்க மாட்டா. இருந்தாலும் வந்து கேளுங் தம்பி. அது என் சோபான்னு அவ உங்ககிட்டச் சொல்றதை, நானும் பக்கத்துல நின்னு இன்னொருக்கா கேக்கோணுமுங்.